நம்பிக்கைகளும் உண்மைகளும்: மொபைல் கேமில் பயப்பட வேண்டியது எது?

மொபைல் கேம் பற்றி அபிப்பிராயம் இல்லாத வீடு இன்று இல்லை. கல்யாணப் பந்தியிலும் பள்ளிக்கூட வாசலிலும் பெற்றோர் பேச்சு கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. "நாள் முழுக்க யாரையாவது சுட்டுக்கிட்டே இருக்கான்." "அதனாலதான் அரசாங்கமே பப்ஜியைத் தடை பண்ணிச்சு." "ப்ளூ வேல் மாதிரி இன்னொண்ணு வந்திருக்காம், குரூப்ல போட்டிருந்தாங்க." எல்லாம் பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில் சொல்வதுதான். அதனாலேயே இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். திரையில் தெரியும் துப்பாக்கிக்குப் பயப்படுகிறோம். அதே திரையின் ஓரத்தில் மினுங்கும் 'டாப்-அப்' பொத்தானை நாம் கவனிப்பதே இல்லை.

"சுடுகிற கேம் ஆடும் பிள்ளை நிஜத்திலும் கை ஓங்கும்"

இந்தப் பயம் அரை நூற்றாண்டு பழசு. 1976இல் அமெரிக்காவில் 'டெத் ரேஸ்' என்றொரு ஆர்கேட் விளையாட்டு வந்தது. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சி குச்சியான உருவங்கள் ஓடும். அவற்றின் மேல் காரை ஏற்றினால் ஒரு அலறல், அந்த இடத்தில் ஒரு சிலுவை. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் கொட்டாவி விடுவார்கள். அன்று அதற்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1993இல் 'மார்ட்டல் காம்பாட்' விளையாட்டை வைத்து அமெரிக்க செனட் விசாரணையே நடந்தது. அதன் பலனாக 1994இல் விளையாட்டுகளுக்கு வயது மதிப்பீடு அங்கே நடைமுறைக்கு வந்தது. 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, சுட்டவர்கள் 'டூம்' என்ற சுடும் விளையாட்டை ஆடியவர்கள் என்பது உலகம் முழுவதும் செய்தியானது. விளையாட்டுக்கும் வன்முறைக்குமான முடிச்சு நம் மனதில் இறுகியது அப்போதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டார்கள். எந்த விளையாட்டு வன்முறையானது என்பதைப் பிள்ளைகளின் வாய்மொழியாக எடுத்துக்கொள்ளாமல், அதிகாரபூர்வ வயது மதிப்பீட்டை வைத்து முடிவு செய்தார்கள். பிள்ளை எவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறது என்பதைப் பெற்றோரிடம் கேட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. வன்முறைக் குற்றங்களுக்கு வன்முறை விளையாட்டுகளே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமும் 2020இல் அறிவித்தது.

அதே அறிவிப்பின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறிய முரட்டுத்தனங்களோடு இந்த விளையாட்டுகளுக்குச் சிறு தொடர்பு உண்டு என்றும் அந்தச் சங்கம் சொல்கிறது. ஆகவே எட்டு வயதுக் குழந்தையின் கையில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டைக் கொடுப்பது சரியாகிவிடாது. ப்ரௌசிங் சென்டரில் 'வைஸ் சிட்டி' ஆடிய ஒரு தலைமுறை நம் ஊரில் இருக்கிறது. ஆடியவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், விளையாட்டோ பெரியவர்களுக்கானது. அட்டையிலேயே அச்சிட்டிருந்த வயதை அன்று யாரும் பார்க்கவில்லை. இன்று பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பெயருக்குக் கீழேயும் அந்த வயது இருக்கிறது. இன்றும் பார்ப்பவர்கள் குறைவு.

"பிள்ளைகளைக் கெடுத்ததால்தான் பப்ஜியைத் தடை செய்தார்கள்"

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அவற்றில் ஒன்று. பயன்படுத்தியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. சொன்ன காரணம், நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும், இந்தியர்களின் தகவல்கள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போவதும். எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. பப்ஜி தென்கொரிய நிறுவனத்தின் படைப்பு. ஆனால் அதன் மொபைல் பதிப்பை இங்கே நடத்தியது சீனாவின் டென்சென்ட். அதில்தான் சிக்கல்.

விளையாட்டுதான் காரணம் என்றால் அடுத்த ஆண்டு நடந்தது நடந்திருக்காது. 2021இல் அதே தென்கொரிய நிறுவனம், அதே விளையாட்டை, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் நேரடியாகக் கொண்டுவந்தது. அதே தீவு, அதே துப்பாக்கிகள். அதுவும் 2022இல் முடக்கப்பட்டு 2023இல் திரும்பியது. திரும்பியபோது 18 வயதுக்குட்பட்டோருக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது.

மக்கள் இப்படி நம்பியதற்கு ஒரு வேர் உண்டு. 2019இல் குஜராத்தில் ராஜ்கோட் உள்ளிட்ட சில நகரங்களில், மாணவர்களைப் பாதிக்கிறது என்று சொல்லிக் காவல்துறை பப்ஜிக்கு உள்ளூர்த் தடை போட்டது உண்மை. சிலரைப் பிடித்தும் சென்றார்கள். அந்தச் செய்தியும் அடுத்த ஆண்டின் தேசியத் தடையும் நினைவில் ஒன்றாகிவிட்டன. விளைவாக, 'கெட்டதை அரசாங்கம் எடுத்துவிட்டது, மிச்சம் இருப்பதெல்லாம் சோதித்து அனுமதித்தவை' என்று பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். அப்படி யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

"ப்ளூ வேல் கேமைப் பதிவிறக்கினால் உயிருக்கே ஆபத்து"

2017 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் நினைவிருக்கிறதா? பள்ளிகளில் சுற்றறிக்கை, தொலைக்காட்சியில் விவாதம், வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை. மின்னணு அமைச்சகம் கூகுள், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு இணைப்புகளை நீக்கச் சொல்லி எழுதியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட, பதிவிறக்கம் செய்யக்கூடிய விளையாட்டு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. ரஷ்யச் சமூக வலைத்தளக் குழுக்களைப் பற்றி 2016இல் அங்கே ஒரு செய்தித்தாள் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கிய கதை இது. இங்கே நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவங்களை மத்திய அரசு அமைத்த குழு ஆராய்ந்தது. அவற்றில் எதிலும் ப்ளூ வேலின் பங்கை உறுதிப்படுத்த முடியவில்லை என்று 2018 ஜனவரியில் மக்களவையில் அரசு பதில் சொன்னது. பரபரப்புக்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட அந்தப் பதிலுக்குக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு வருத்தம் வேறொன்று. ஒரு பிள்ளை மனமுடைந்து இருந்தபோது, அதன் படிப்பு, வீடு, தனிமை, அது சந்தித்த அவமானம் எதையும் கேட்காமல், 'போனில் எதைப் பார்த்தாய்' என்று மட்டும் கேட்க வைத்தது அந்தச் செய்தி. அடுத்த ஆண்டே 'மோமோ' என்று அதே மாதிரி இன்னொரு வதந்தி வந்தது. அதோடு பரவிய கோர முகம், ஜப்பானிய சிற்பக் கலைஞர் ஒருவர் டோக்கியோவில் ஒரு கண்காட்சிக்காக 2016இல் செய்துவைத்த பொம்மை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி குரூப்பில் வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளை வாட்டமாக இருப்பதாகத் தோன்றினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

"ஃப்ரீ கேம்தானே, ஆடிட்டுப் போகட்டும்"

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

பழைய கேசட் விளையாட்டை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது. கேசட்டில் வந்த மரியோ அதற்குமேல் பணம் கேட்டதில்லை. இன்றைய விளையாட்டு இலவசமாக உள்ளே விடுகிறது, பிறகு உள்ளே கடை விரிக்கிறது. ஃப்ரீ ஃபயரில் 'டைமண்ட்', பேட்டில்கிரவுண்ட்ஸில் 'யூசி'. ரூபாயை முதலில் இந்த நாணயமாக மாற்றிவிட வேண்டும். மாற்றியபின் அது பணமாகத் தெரிவதில்லை. ஒரு சட்டைக்கு இத்தனை டைமண்ட் என்றால் அது எத்தனை ரூபாய் என்று எந்தப் பிள்ளையும் கணக்குப் போடுவதில்லை.

அதைவிடக் கெட்டது 'லக்கி ஸ்பின்'. பிடித்த துப்பாக்கி ஸ்கின்னை, அதாவது துப்பாக்கியின் அலங்காரத் தோற்றத்தை, நேராக வாங்க முடியாது. காசு போட்டுச் சுற்ற வேண்டும், விழுந்தால் விழும். திருவிழாவில் இதைத் துணி விரித்து ஒருவர் நடத்தினால் போலீஸ் கலைத்துவிடும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல், காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது. ஜப்பானில் இவற்றில் ஒரு வகை 2012இலேயே நிறுத்தப்பட்டது.

'ஃபோர்ட்நைட்' விவகாரத்தைப் பெற்றோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அதன் நிறுவனமான எபிக் கேம்ஸ் மீது நடவடிக்கை எடுத்து, 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்டச் சம்மதிக்க வைத்தது. அதில் 24.5 கோடி, வாங்க நினைக்காததை வாங்கவைத்ததற்காகப் பயனர்களுக்குத் திருப்பித் தரும் தொகை. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், விளையாட்டு திறந்துகொண்டிருக்கும்போதுகூடப் பணம் போய்விடும் வகையில் பொத்தான்கள் இருந்தன என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட்டவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன என்பது இன்னொன்று. மிச்சம் 27.5 கோடி, குழந்தைகளின் தகவலைப் பெற்றோருக்குத் தெரியாமல் திரட்டியதற்கான அபராதம். அந்த வழக்கிலேயே இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி, குழந்தைகளுக்கும் தானாகவே திறந்த நிலையில் இருந்தது. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டுப் பட்டியலில் துப்பாக்கி பற்றி ஒரு வரி கிடையாது.

நம் வீடுகளில் இந்தக் கதவு இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. பணம் அனுப்பத் தெரியாத தாத்தா, மளிகைக் கடையில் நின்றபடி பின் நம்பரைப் பேரனிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறார். வீட்டுக்கே ஒரு போன், அதிலேயே பாங்க் செயலி, அதிலேயே ஆன்லைன் வகுப்பு, அதிலேயே கேம். குறைந்த விலைக்கு டைமண்ட் தருவதாகச் சொல்லி ஓடிபி கேட்கும் ஏமாற்றுக்காரர்களுக்கும் அதே போன்தான் வாசல்.

ஆன்லைன் ரம்மியையும் இத்தகைய விளையாட்டுகளையும் ஒன்றாகப் பேசுவது இன்னொரு குழப்பம். பணம் கட்டி, ஜெயித்தால் பணமாகவே எடுக்கும் விளையாட்டுகள் வேறு. அவற்றை எதிர்த்துத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமே வந்து அவற்றைத் தடுத்தது. அந்தச் சட்டம் லக்கி ஸ்பின்னையும் முடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காசு போடலாம், திரும்ப எடுக்க முடியாது என்பதாலேயே அது வேறு வகையாகி, கடையைத் திறந்தே வைத்திருக்கிறது.

"நாலு மணி நேரம் ஆடுறான், அடிமையாயிட்டான்"

உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முக்கியமாகிப் போவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், பொதுவாக ஓராண்டுக்காவது நீடித்து, படிப்பையோ உறவையோ பெரிதாகப் பாதித்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் நாள் பூரா ஆடும் பையன் இதில் சேரமாட்டான். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அறைக்குள் சுருங்கும் பையன் சேரலாம். அப்படிப்பட்டவர்களுக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தனி மருத்துவப் பிரிவு இயங்குகிறது. போனைப் பிடுங்கி உடைப்பது மருத்துவம் ஆகாது.

"இது மூளையை வளர்க்கும் கேம், நல்லதுதான்"

துப்பாக்கிக்குப் பயந்து இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. 'லுமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டின் நிறுவனம், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்தது என்ற குற்றச்சாட்டில் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. புதிர் விளையாட்டை நன்றாக ஆடப் பழகும் பிள்ளை, பெரும்பாலும் அந்தப் புதிரில்தான் தேறுகிறது. கணக்குப் பாடத்துக்குத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவும் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கே பிளே ஸ்டோரைத் திறந்து, வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். ஐபோன் என்றால், 'ஸ்க்ரீன் டைம்' பகுதியில் செயலிக்குள் வாங்குவதையே அடைத்துவிடலாம். யூபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியும் என்றால் மாற்றுங்கள், மாற்றியதைச் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குள் யாரோடு பேசுகிறாய் என்று கோபப்படாமல் கேளுங்கள், ஒரு ஆட்டம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டது என்றால் உடனே கூகுளிடமோ ஆப்பிளிடமோ பணத்தைத் திரும்பக் கேளுங்கள், தாமதித்தால் வாய்ப்பு குறையும். யாராவது ஏமாற்றிப் பணத்தை எடுத்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.