கேரி தீவில் பிரஷர் மாத்திரை

செம்பனைத் தோட்டத்துக்கு விடியுமுன் கிளம்பும் அவசரத்தில் மாத்திரை மறந்துபோகும். பசியாறும் மேசையிலேயே வையுங்கள். மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

இரத்த அழுத்தம் 120/80-க்கு வந்துவிட்டதென்று நிறுத்தாதீர்கள், இறக்கியதே மாத்திரைதான். அம்லோடிப்பினால் கணுக்கால் வீங்கலாம், பெரிண்டோபிரிலால் வறட்டு இருமல் வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். உதடோ முகமோ வீங்கினால் உடனே 999-ஐ அழையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை மூட்டுவலி மாத்திரைகள்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இரண்டும் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். கடையில் கேட்கும்போதே பிரஷர் இருப்பதைச் சொல்லுங்கள். எம்.ஏ.எல். (MAL) பதிவெண் இல்லாத ஜாமு மூலிகை மருந்தைத் தொடாதீர்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

மருந்துக்காகப் பந்திங்குக்கோ கிள்ளானுக்கோ போய்வர வேண்டியவர்கள், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.