மோட்டாருக்கும் முறைப்பாசனம்: மின்சாரம் எப்போது விடுவதென்று முடிவு செய்வது எப்படி?

கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறைவைத்துத் தண்ணீர் விடுவதைச் சென்னிமலை வட்டார விவசாயிகள் நன்கு அறிவார்கள். ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே போகத்தில் விட நீர் போதாது. ஆகவே ஒரு போகத்தில் பாதிப் பரப்புக்கும், மறு போகத்தில் மீதிப் பாதிக்கும் விடுகிறார்கள்.

பம்புசெட்டு மின்சாரத்தை ஊர்களைப் பிரிவாக்கி, நேரம் பிரித்து விடுவதும் இது போன்றதே. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. தண்ணீரை அணையில் மாதக்கணக்கில் தேக்கலாம். மின்சாரம் உற்பத்தியான அந்தக் கணமே செலவாக வேண்டும். பேட்டரியில் தேக்கலாம் என்றாலும் செலவு அதிகம்.

கணக்குப் பார்ப்பது எப்படி?

சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்மான மையம் மறுநாளின் தேவையையும் உற்பத்தியையும் முதல் நாளே கணக்கிடுகிறது. ஒரு நாளை 15 நிமிடமாக 96 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் திட்டம் போடுகிறார்கள். மின்னோட்டத்தின் அதிர்வு வினாடிக்கு 50 என்ற அளவில் நிற்க வேண்டும். தேவை மிஞ்சினால் அது குறையும்; உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்துக்கொள்வதே விதி.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசும்போது உடுமலை, பல்லடம் பகுதிக் காற்றாலைகள் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுதி. மாலையில் வெயில் போய், வீட்டு விளக்குகள் எரியும்போது தட்டுப்பாடு. அனல் நிலையத்தை நினைத்தவுடன் நிறுத்தித் துவக்க முடியாது. எனவே வளைந்து கொடுக்கும் வசதிகள் தேவைப்படுகின்றன.

எதை, எப்போது பயன்படுத்துவது? அதிகாரிகள் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வார்கள்.

1. குறை எங்கே? மாநிலம் முழுவதுமா, ஒரே ஒரு டிரான்ஸ்பார்மரிலா?
2. எவ்வளவு நேரத்துக்கு?
3. எந்த வழி மலிவு?
4. சொன்ன நேரத்தில் அது நிச்சயம் கைகொடுக்குமா?

மாநில அளவில் குறையென்றால் நீர்மின் நிலையங்களைக் கூட்டலாம், வெளிச்சந்தையில் வாங்கலாம். ஆனைமலையில் 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம், மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தட்டுப்பாட்டில் கீழே இறக்கி மின்சாரம் தருகிறது. ஆனால் உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் திணறினால் காடம்பாறை உதவாது. அங்கே சுமையை நேரம் மாற்ற வேண்டும். இல்லையேல் பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். எதுவும் முடியாதபோது மின்தடையே கடைசி வழி.

பம்புசெட்டின் பலம்

வீட்டு விளக்கை நண்பகலுக்கு மாற்ற முடியாது. தண்ணீர் இறைப்பதை மாற்றலாம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. இவை நேரம் மாறினால் பெரும் சுமை இடம் மாறும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கோடையின் உச்ச நேரத்தில் மோட்டாரை நிறுத்திக்கொடுக்கும் விவசாயிகளுக்கு மின் கம்பெனி கட்டணக் கழிவு தருகிறது. இங்கிலாந்தில் புதிய கேபிள் போடும் செலவோடு ஒப்பிட்டு, சுமையைக் குறைத்துக்கொடுப்பவர்களுக்கு டெண்டர் வழியே பணம் தருகிறார்கள்.

நமக்கு மின்சாரம் இலவசம், கழிவுக்கு இடமில்லை. ஆயினும் நேரம் மாற்றி இறைக்கும் விவசாயி, மின் அமைப்புக்கு ஓர் உதவி செய்கிறார். எனவே முறை நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கும்படி கேட்க அவருக்கு நியாயம் உண்டு. நேரம் தெரியாததால்தான் பலரும் தானியங்கி ஸ்டார்ட்டரை நம்பியிருக்கிறார்கள்.

டிரான்ஸ்பார்மர் எரிவது ஏன்?

ஒரு 5 குதிரைசக்தி மோட்டார் ஏறத்தாழ 6 கே.வி.ஏ. இழுக்கும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இப்படி 20 மோட்டார்கள் ஒன்றாக ஓடினால் சுமை 120. இரு பிரிவாக ஓடினால் 60 மட்டுமே. நேரடியாகத் துவங்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மின்சாரம் வந்தவுடன் இருபதும் சேர்ந்து துவங்கினால் மின்னழுத்தம் சரியும். மோட்டார் காயில் கருகும். செலவு விவசாயி தலையில்தான்.

செய்ய வேண்டியவை

1. தானியங்கி ஸ்டார்ட்டரில் தாமதக் கருவி பொருத்தி, பக்கத்துத் தோட்டத்தாருடன் பேசிச் சில நிமிட இடைவெளி வையுங்கள்.

2. மோட்டார் திறனுக்கேற்ற கெப்பாசிட்டரைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் மூலம் பொருத்துங்கள். இழுக்கும் சுமை 6லிருந்து 5 கே.வி.ஏ. அளவுக்கு இறங்கும்.

3. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டாதீர்கள். முறைவைத்ததன் பயனே போய்விடும், மோட்டாருக்கும் கேடு.

4. தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில் தொட்டி கட்டி, பகலில் நிரப்புங்கள். கோடையில் சொட்டுநீரில் தென்னை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் போதும். ஏக்கருக்கு 70 மரமென்றால் 4,550 லிட்டர். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 13,500 லிட்டர் பிடிக்கும். ஏறத்தாழ 3 நாள் தேவை அது.

மின்சாரத்தைத் தேக்க அரசுக்கு மலையும் அணையும் வேண்டும். விவசாயிக்கு ஒரு தொட்டி போதும். தொட்டியில் நீர் இருந்தால், நள்ளிரவில் மின்சாரம் வருமா என்று விழித்திருக்க வேண்டியதில்லை.