இருவருக்கும் தனித்தனித் தாள்

அன்புள்ள தங்கைக்கு,

புற்றுநோயைச் சேர்ந்து சமாளிப்போம் என்ற நம்பிக்கை ஒரு கணவன் மனைவிக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியுமா எனக் கேட்டிருந்தாய். உளவியல் படிப்பவள் கேட்க வேண்டிய கேள்விதான். அளக்க முடியும். ஆனால் "தைரியமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் இருவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம். அதை அளக்கும் வழியையும் 2006இல் அவர் விளக்கினார். 0 என்றால் முடியவே முடியாது. 100 என்றால் நிச்சயம் முடியும். பழகிக்கொள்ள முதலில் எடை தூக்கும் கேள்வி: 10 பவுண்டு தூக்க முடியுமா, 20 முடியுமா என்று 300 வரை ஏறும். ஏற ஏறத்தான் ஒருவருடைய எல்லை தெரியும்.

நோய்க்கும் அப்படியே படி வைக்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியுமா? கீமோ முடிந்து வாந்தி எடுக்கும் இரவைச் சமாளிக்க முடியுமா? கணவருக்கு ஒரகடம் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில்? கடன் எவ்வளவு என்பதை ஒளிக்காமல் பேச முடியுமா? மார்பை எடுத்த பிறகு தாம்பத்தியத்தைப் பற்றி? நோய் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று? முதல் கேள்விக்கு 100 போட்டவர் கடைசியில் தயங்கலாம்.

கேள்வி "நாங்கள் இருவரும் சேர்ந்து" என்று இருக்கட்டும். பதிலை மட்டும் தனித்தனியே வாங்கு. கூடிப் பேசி ஒரே எண்ணைச் சொல்லச் சொன்னால், செல்வாக்குள்ளவரின் கருத்தே எல்லார் கருத்தாகிவிடும் என்று குழுக்களைப் பற்றி பண்டூரா எச்சரித்தார். நம் குன்றத்தூர் வீடுகளில் அது யார் குரல் என்று உனக்கே தெரியும். கணவர் 90, மனைவி 40 என்றால் சராசரி 65 என எழுதி மூடிவிடாதே. அந்த 50 இடைவெளியில்தான் ஆலோசகருக்கு வேலை இருக்கிறது.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கை போடன்மான் (Guy Bodenmann) உருவாக்கிய 37 கேள்விப் பட்டியல் வேறு வகை. நெருக்கடியில் நான் செய்வது, துணை செய்வது, இருவரும் சேர்ந்து செய்வது என நடப்பைக் கேட்கும், நம்பிக்கையை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

வெளிநாட்டுத் தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், விதுபாலாவின் குழு இந்திய நோயாளிகளின் சூழலுக்கேற்ற வாழ்க்கைத்தர வினாத்தாளைச் சோதித்து 2005இல் வெளியிட்டது. அது நோயாளிக்கானது. தம்பதிக்கான தாளிலும் அதே அக்கறை வேண்டும்: பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரையும், பணம் புரட்டித் தரும் அண்ணனையும் விட்டுவிட்டு நம் ஊர்த் தம்பதியின் தெம்பைக் கணக்கிட முடியாது.

உன் ப்ராஜெக்டுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவதானால் முறையாக அனுமதி வாங்கு. கூட வந்தவருக்கும் ஒரு தாள் கொடு. படிக்கத் தெரியாதவருக்கு, மற்றவர் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. ஒருவர் போட்ட எண்ணை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் சொல்லாதே.