இல்லத் தூய்மை: எந்தப் பரப்பிற்கு எந்தப் பொருள்?



நம் இல்லங்களில் குளியலறை மாடத்தையோ சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டையோ திறந்து பார்ப்பின், தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, பாத்திரத்திற்கு ஒன்று எனப் புட்டிகள் வரிசையாய் நிற்கக் காண்கிறோம். இவற்றிடையே ‘அனைத்துப் பரப்புகளுக்கும் ஏற்றது’ என்று அச்சிட்ட புட்டி ஒன்றும் இருக்கும். உண்மையில் எல்லாப் பரப்பிற்கும் ஏற்ற ஒரே பொருள் உண்டா? உண்டெனில் அஃது எது? இல்லையெனில் எதற்கு எதைக் கொள்வது? இவ்வினாக்களை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம். பொருள் மாறினால் பளிங்குத் தரை ஒளியிழப்பதோடு நில்லாது, சில வேளைகளில் துலக்குவோரின் மூச்சிற்கே இடர் நேரும் என்பதால், இது சிறிய செய்தியன்று.

1. அழுக்கின் வகைகள்

தூய்மைப்பொருளைத் தேர்வதற்கு முன், நீக்க வேண்டிய அழுக்கு எவ்வகையது என அறிதல் வேண்டும். நம் இல்லங்களில் காணும் அழுக்கை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது தூசும் மண்ணும். இவற்றிற்குத் துடைப்பமும் ஈரத்துணியுமே போதும். இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்பங்கரைச் சுவரில் படிவது இதுவே. நீர் மட்டும் இதனைக் கரைக்காது. சோப்பு அல்லது காரத்தன்மையுள்ள பொருள் வேண்டும். மூன்றாவது உப்புக் கறையும் உலோகக் களிம்பும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக உள்ள ஊர்களில், குழாய் வாயிலும் வாளியிலும் குளியலறை ஓடுகளிலும் வெள்ளை வெள்ளையாய்ப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. பித்தளையில் ஏறுவது களிம்பு. இவ்விரண்டையும் கரைப்பது அமிலம். நான்காவது பாசியும் கிருமியும். ஈரம் தங்குமிடத்தில் இவை தோன்றும். இடத்தை உலர்வாக வைத்தலே இவற்றைத் தடுக்கும் முதல் வழி.

2. அமிலம், காரம், நடுநிலை

கடைப்பொருள்கள் எத்தனை பெயரில் வந்தாலும் அவை அமிலம், காரம், நடுநிலை என்னும் மூன்றனுள் அடங்கும். இதனை அளக்கும் பி.எச். என்னும் அளவுகோலை டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் 1909-ஆம் ஆண்டில் வகுத்தார். இவ்வளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதனிற் குறைந்தவை அமிலம், மிகுந்தவை காரம். ஓர் எண் மாறினால் வீரியம் பத்து மடங்கு மாறும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டது. வினிகரும் ஏறத்தாழ அவ்வாறே. கழிப்பறைக்கென விற்கும் அமிலம் 1-ஐ ஒட்டியது. சமையல் சோடாக் கரைசல் 8-ஐச் சற்றுக் கடந்தது. சோப்புக் கட்டி 9 முதல் 10 வரை. சலவைச் சோடா 11-ஐ ஒட்டியது. பாத்திரம் துலக்கும் திரவங்களிற் பெரும்பாலானவை நடுநிலையை அடுத்தவை. ஆயின் துலக்கும் கட்டிகளிலும் தூள்களிலும் சலவைச் சோடா சேர்ந்திருப்பதுண்டு.

காரத்தை அறிய நம் வீட்டு மஞ்சளே போதும். வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்பிட்டவுடன் சிவப்பதை நம் தாய்மார் அனைவரும் அறிவர். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவதும் இதே தன்மையால்தான். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டில் ஒரு துளி தூய்மைப்பொருளை இட்டுப் பார்த்தால், சிவந்தது காரம். நிறம் மாறாதது நடுநிலை அல்லது அமிலம். அமிலத்தை அறியச் செம்பருத்தி உதவும். உதிர்ந்த பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு, அமிலத்தில் ஆழ்ந்த இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே இச்சோதனையைச் செய்விக்கலாம். வீரிய அமிலத்தை மட்டும் அவர்கள் கையில் தரலாகாது.

3. பரப்புகளின் இயல்பு

பளிங்கு: இது கால்சியம் கார்பனேட்டு. உப்புக் கறையும் அதே பொருள். ஆதலின் கறையைக் கரைக்கும் அமிலம் பளிங்கையும் கரைக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவாயினும் பட்ட இடம் மெருகிழந்து மங்கும். அந்த மங்கலைத் துடைத்து நீக்க இயலாது. மீண்டும் தேய்த்து மெருகேற்றுதலே வழி. ஜினாலயங்களிலும் இல்லப் பூசையிடங்களிலும் உள்ள பளிங்குத் திருமேனிகளுக்கும் இது பொருந்தும். வடிகட்டிய தூயநீரும் மென்துணியும் அன்றி வேறொன்றும் அவற்றை அணுகலாகாது.

கடப்பைக் கல், மொசைக், சிமெண்டுத் தரை: கடப்பைக் கல் சுண்ணாம்புப் பாறை வகையைச் சேர்ந்தது. மொசைக் என்பது பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்தது. காவித்தரையும் சிமெண்டே. இவை மூன்றும் பளிங்கைப் போன்றே அமிலத்திற்கு அஞ்சுபவை.

கிரானைட்: வன்மையானது, எலுமிச்சை போன்ற மென்மையான அமிலங்களைப் பெரிதும் தாங்கும். எனினும் வீரிய அமிலமும் சொரசொரப்பான தூளும் மெருகைக் கெடுக்கும். எண்ணெய் நெடுநேரம் தங்கினால் உள்ளே இறங்கிக் கறையாகும்; உடனே துடைத்தல் நன்று.

பீங்கான் ஓடுகள்: மெருகிட்ட ஓடு அமிலத்தையும் காரத்தையும் தாங்கும். ஆயின் ஓடுகளுக்கிடையே பூசிய சாந்து சிமெண்டாதலால், அமிலம் பட்டுப்பட்டு அரித்துப்போகும். பின்னர் அவ்விடுக்கில் நீர் இறங்கும். ஓட்டிலுள்ள உப்புக் கறையை நீக்கும்போது, முதலில் இடைச்சாந்தினை நீரால் நன்கு நனைத்து, பின் எலுமிச்சை அல்லது வினிகரைத் தடவிச் சில நிமிடங்களில் கழுவிவிடுதல் வேண்டும்.

எவர்சில்வர்: இரும்புடன் குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் சேர்ந்த கலவை. மேற்பரப்பிலுள்ள மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலமே துருவைத் தடுக்கிறது. உப்பு நீரும், பிளீச்சிங் பவுடரும், கழிப்பறை அமிலமும் இப்படலத்தைத் துளைத்துப் புள்ளிகளை உண்டாக்கும். நடுநிலைச் சோப்பு நீரே ஏற்றது.

பித்தளை, செம்பு: புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைப்பதால்தான் நம் முன்னோர் புளியைக் கொண்டனர். துலக்கியவுடன் நீரால் கழுவி ஈரமின்றித் துடைக்காவிடில் மீண்டும் களிம்பேறும். ஒவ்வொரு முறை புளியிட்டுத் துலக்கும்போதும் உலோகம் இம்மியளவேனும் தேய்கிறது. ஆதலின் உலோகத் திருமேனிகளை நாள்தோறும் புளியிட்டுத் தேய்த்தல் தகாது. நுண்ணிய வேலைப்பாடும் பீடத்து எழுத்துகளும் மழுங்கும். அபிடேகத்திற்குப் பின் தூயநீரால் கழுவி உடனே உலரத் துடைத்தாலே களிம்பு எளிதில் ஏறாது.

அலுமினியம்: அமிலம், காரம் இரண்டிற்கும் இளகுவது. சலவைச் சோடா இதனைக் கறுக்கச் செய்யும். மென்மையான திரவச் சோப்பே போதும்.

மரம்: தேக்குக் கதவையும் மேசையையும் நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்ற வேண்டும். காரம் மரத்தைக் கறுக்கச் செய்யும். பழைய மரச்சாமான்களுக்கு இட்ட அரக்கு மெருகு ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

கண்ணாடி: சிறிதளவு சோப்பு நீரும் உலர்துணியும் போதும். முகம் பார்க்கும் கண்ணாடியில் நீரை நேரே தெளிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பின், ஓரத்தின் வழியே ஈரம் இறங்கிப் பின்பூச்சு கெடாது.

4. பொதுப்பொருள் எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், எல்லாப் பரப்பும் பகையின்றி ஏற்பது நடுநிலையான மென்சோப்பு நீர் ஒன்றே என்பது தெளிவாகும். ஒரு வாளி நீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சோப்பு போதும். அளவைக் கூட்டினால் தூய்மை கூடாது. சோப்பு படிந்து தரை வழுக்கும், தூசும் விரைவில் ஒட்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரும் மென்மையான தூய்மைப்பொருளே. அதிலுள்ள சபோனின் நுரையை உண்டாக்கி அழுக்கை எடுக்கும். பட்டிற்கும் நகைக்கும் நம் பாட்டிமார் அதனைக் கொண்டது இதனால்தான்.

எனவே இல்லத்திற்கு வேண்டியவை மூன்றே: அன்றாடம் எல்லாவற்றிற்கும் நடுநிலைச் சோப்பு நீர், எண்ணெய்ப் பிசுக்கிற்குச் சமையல் சோடா, உப்புக் கறைக்கும் களிம்பிற்கும் எலுமிச்சை, புளி அல்லது வினிகர். சோடாவையும் வினிகரையும் ஒன்றாய்க் கலந்தால் பொங்குமே, அது நன்கு துலக்காதா எனச் சிலர் வினவுவர். அப்பொங்கல் கரியமில வாயு வெளியேறுவதே. ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் எஞ்சுவது பெரும்பாலும் உப்பு நீர். தனித்தனியே பயன்படுத்தினால்தான் பயனுண்டு.

பழத்தோல், வெல்லம், நீர் இவற்றை மூன்று திங்கள் நொதிக்கவைத்துச் செய்யும் கரைசல் இன்று பல இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. இயற்கையானது என்பதால் எப்பரப்பிற்கும் ஏற்றது எனக் கொள்ளலாகாது. அஃது அமிலத்தன்மை உடையது. பளிங்கிற்கும் மொசைக்கிற்கும் ஆகாது. மேலும் நொதித்தல் நுண்ணுயிர்களால் நிகழ்வது. அகிம்சை விரதம் பூண்ட சிராவகர் இதனையும் எண்ணிப் பார்த்துக் கொள்வதோ தள்ளுவதோ செய்க.

கிருமிநீக்கிகளைப் பற்றியும் ஒரு சொல். பினாயில் கிருமியை ஒடுக்கும். அழுக்கை எடுப்பதில் சோப்பிற்கு ஈடாகாது. 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பரப்புகளுக்கு 0.1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலைப் பரிந்துரைத்தது. அதற்கு முன் சோப்பிட்டு அழுக்கை நீக்குதல் வேண்டும் என்றும் கூறியது. அழுக்கின்மேல் தெளித்த மருந்தின் வீரியம் அழுக்கிலேயே கெடும். நோயுற்றோர் இல்லாத வீட்டில் நாள்தோறும் இவற்றைத் தெளித்தல் தேவையற்றது. கழுநீர் சென்று சேரும் வாய்க்காலிலும் குட்டையிலும் வாழும் சிற்றுயிர்களுக்கும் அது கேடே.

5. கலக்கவே கூடாதவை

இப்பாடத்தில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறத்தலாகாது. கழிப்பறைக் கறை போகவில்லையெனப் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் அமிலத்தை ஊற்றுவோர் உளர். இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே முதல் உலகப்போரில் படைவீரர்மேல் ஏவப்பட்ட நச்சுவாயு இதுவே. சாளரமில்லாச் சிறு குளியலறையில் இதனை முகர்ந்தால் நுரையீரல் புண்ணாகும். உயிருக்கும் ஊறு நேரலாம். அவ்வாறே பிளீச்சிங் பொருளுடன் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் நச்சு வாயு எழும். ஆதலின் ஒரு பொருளைப் பயன்படுத்தினால், நிறைய நீர் ஊற்றிக் கழுவி முடித்த பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும். புட்டியின் சீட்டில் ‘ஹைட்ரோகுளோரிக் அமிலம்’, ‘ஹைப்போகுளோரைட்டு’, ‘அம்மோனியா’ என்னும் சொற்களைத் தேடிப் படித்து வாங்குதல் நலம்.

அமிலத்தைப் பழைய குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைத்தல் பெரும் பிழை. நீரெனக் கருதிக் குழந்தைகள் பருகிவிடக்கூடும். அமிலத்தைச் சில்லறையாக விற்பதற்கு 2013-இல் உச்சநீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது. வீட்டில் அதனை வைக்காதிருத்தலே சிறந்தது.

தற்செயலாக எவரேனும் அமிலத்தையோ காரத்தையோ விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. மேலே வரும்போது தொண்டையை மீண்டும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, அப்புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக, 108-ஐ அழைக்கலாம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம் வரை கழுவிப் பின் மருத்துவரிடம் செல்க. வாயு எழுந்தால் அவ்விடத்தை விட்டு உடனே வெளிக்காற்றிற்கு வருக.

தொகுப்புரை

புதிய பொருள் எதுவாயினும், முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு துளியிட்டுச் சோதித்து, நிறமும் மெருகும் மாறவில்லையெனக் கண்ட பின்னரே முழுப் பரப்பிலும் பயன்படுத்துவோம். மென்மையானதில் தொடங்கி, அது போதாதபோது மட்டுமே அடுத்ததை நாடுவோம். துலக்கும் முன் எறும்பு போன்ற சிற்றுயிர்களை மென்மையாக அகற்றிவிட்டுத் துலக்குவோம். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில், வேண்டிய பொருளைக் கொண்டால் செலவும் குறையும், பரப்பும் நிலைக்கும், நம் இல்லத்தாரும் நலமாக வாழ்வர்.

சிந்தனை வினாக்கள்

1. உப்புக் கறையை நீக்கும் எலுமிச்சைச் சாறு பளிங்குத் தரைக்கு ஏன் ஆகாது?

2. மஞ்சள் தோய்த்த காகிதத்தில் உம் வீட்டுச் சோப்பு நீரை இட்டுப் பார்க்க. நிறம் மாறுவதன் காரணம் யாது?

3. சோடாவும் வினிகரும் கலந்தால் துலக்கும் ஆற்றல் ஏன் குறைகிறது?

4. உம் வீட்டிலுள்ள புட்டிகளின் சீட்டைப் படித்து, ஒன்றோடொன்று சேரக்கூடாதவற்றைப் பட்டியலிட்டு, அவற்றை வெவ்வேறு இடங்களில் வைக்க.