சைனை வகையிடும் முன் ரேடியன்

சைன் சார்பின் வகைக்கெழு என்ன என்று கேட்டால், மாணவர்கள் உடனே 'கொசைன்' என்பார்கள். கோணம் பாகையில் இருந்தாலும் அதுதானா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ரேடியன் வெறும் அலகு மாற்றம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனவே, பதினோராம் வகுப்பில் வகை நுண்கணிதம் தொடங்கும் முன் இதற்கென ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன்.

செயல்பாடு 1: கயிறும் சக்கரமும்

லாரிச் சக்கரம் பார்க்காத பிள்ளை நாமக்கல் பக்கம் இல்லை. வகுப்புக்கு மிதிவண்டிச் சக்கரமே போதும். மையத்திலிருந்து விளிம்பு வரை கயிற்றால் அளந்து, அதே நீளத்தை விளிம்பின் மேல் வளைத்து வைக்க வேண்டும். அந்த வில் மையத்தில் தாங்கும் கோணமே 1 ரேடியன், ஏறத்தாழ 57.3 பாகை. சக்கரம் பெரிதானாலும் சிறிதானாலும் இக்கோணம் மாறாது. ஒரு சுற்றுக்கு 360 என்பது மனிதர் வைத்த எண். ரேடியனோ வட்டத்திலிருந்தே பிறப்பது.

வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளக்கும் இந்த எண்ணம் நமக்குப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய நூலில் வட்டத்தின் சுற்றளவு 21,600 கலைகள். அதே அலகில் ஆரம் 3,438. அவருடைய சைன் அட்டவணையில் 225 கலை வில்லுக்கு அரைநாணும் 225 தான். சிறிய கோணத்தில் வில்லும் அரைநாணும் ஏறக்குறைய சமம் என்பதை மாணவர்கள் இதிலேயே காணலாம்.

செயல்பாடு 2: வகுத்துப் பார்த்தல்

கணிப்பானில் சைன் மதிப்பைக் கண்டு, அதைக் கோண அளவால் வகுக்கச் சொல்கிறேன்.

ரேடியனில்: 0.1-க்கு 0.99833, 0.01-க்கு 0.99998. எல்லை 1.
பாகையில்: 5-க்கு 0.01743, 1-க்கு 0.01745. எல்லை 1 அல்ல, பை/180.

சைனின் வகைக்கெழுவைத் தருவிக்கும்போது இந்த எல்லையைத்தான் பயன்படுத்துகிறோம். எனவே பாகையில் வகையிட்டால் கொசைனுடன் பை/180 என்ற காரணியும் சேரும். ஒவ்வொரு முறை வகையிடும்போதும் அது மீண்டும் பெருகும். ரேடியனில் இந்தக் காரணி 1 ஆகிவிடுகிறது.

செயல்பாடு 3: சைன் 31 பாகை

பன்னிரண்டாம் வகுப்பின் தோராய மதிப்புக் கணக்குகளுக்கும் இது உதவும். சைன் 30 பாகை 0.5, கொசைன் 30 பாகை 0.866. கோண மாற்றத்தை 1 என்றே வைத்தால் விடை 1.366. சைன் மதிப்பு 1-ஐத் தாண்டுமா என்று கேளுங்கள். தவறு எங்கே என்று மாணவர்களே தேடுவார்கள். மாற்றத்தை 0.01745 ரேடியன் என்று எடுத்தால் 0.5151 கிடைக்கும். உண்மை மதிப்பு 0.5150. இந்த இரு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவைத்துவிட்டு வகைக்கெழுவின் நிரூபணத்தைத் தொடங்கலாம்.