சொந்த ஊரில் லாட்ஜில் தங்குவது எப்படி?

நம் சங்கத்தில் பாலக்காட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மூணாறு, பீர்மேடு, குமுளிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மும்பைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவான நிலைமை ஒன்று உண்டு. ஊர் இருக்கிறது, வீடு இல்லை. கல்பாத்தியிலோ நூரணியிலோ இருந்த அக்கிரகாரத்து வீடு பாகப்பிரிவினையில் கைமாறிப் போயிருக்கும். தோட்டத்து லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்துவிட வேண்டியதுதான். என் தகப்பனாரும் தேவிகுளம் தாலுகாவில் அப்படித்தான் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

உறவினர் வீட்டில் தங்கினால் என்ன என்று கேட்பீர்கள். லயத்து வீடு என்பது ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். அங்கே நாம் ஐந்து பேர் பெட்டியோடு போய் இறங்கினால் அவர்கள் நமக்குப் பாயை விரித்துவிட்டுத் திண்ணையில் படுப்பார்கள். விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். பார்க்கப் போனவர்களை இப்படிச் சிரமப்படுத்துவதைவிட லாட்ஜில் தங்கி, பகலில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது மேல் என்பது என் அபிப்பிராயம். "சொந்த ஊரில் லாட்ஜிலா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அறை வசதியாக அமைந்துவிட்டால் இரண்டாம் நாளே அந்தச் சுளிப்பு போய்விடும்.

நான் ஒலவக்கோட்டில் இரயில்வே இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படித்தது சிவில். லைன் வேலைக்குப் போகும் இடமெல்லாம் சின்ன லாட்ஜுகளில் தங்கிப் பழகியவன். லாட்ஜும் ஒரு கட்டடம்தானே! தண்ணீர், படி, நேரம் ஆகிய மூன்றையும் கணக்குப் பார்த்துவிட்டால் குறைந்த வாடகை அறையிலும் நன்றாகத் தங்கலாம்.

முதலில் பெயர்ப் பலகை. கேரளத்தில் 'ஹோட்டல்' என்று பலகை இருந்தால் அது பெரும்பாலும் சாப்பாட்டுக் கடை. நடுத்தரக் குடும்பம் தங்கக்கூடிய இடத்துக்கு அங்கே 'டூரிஸ்ட் ஹோம்' என்று பெயர். லாட்ஜ் என்றும் இருக்கும். சிலவற்றில் கீழே பார் நடக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் போனிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது. கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

நேரக் கணக்கு

வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நாள் என்பது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று கேட்பவர்கள் குறைவு. சில இடங்களில் நீங்கள் உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சில இடங்களில் பகல் 12 மணிக்கு 12 மணி.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் பல வண்டிகள் பாலக்காடு ஜங்ஷனுக்கு விடியலுக்கு முன்பே வந்துவிடும். காலை 4.30 மணிக்கு இறங்குகிறீர்கள், மறுநாள் இரவு வண்டியில் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மணிக் கணக்கு உள்ள லாட்ஜில் இறங்கிய அன்று காலை 4.30 முதல் 12 வரை ஒரு நாள், அன்று 12 முதல் மறுநாள் 12 வரை இன்னொரு நாள். அதன் பிறகு இரவு வண்டி வரை மூன்றாவது நாள் வாடகை அல்லது மூட்டையோடு தெருவில். 24 மணிக் கணக்கு உள்ள இடத்தில் மறுநாள் விடியற்காலை 4.30 வரை ஒரு நாள், பிறகு இரவு வரை இன்னொரு நாள். இரண்டே நாள் வாடகைதான். 100 ரூபாய் குறைவு என்று முதல் லாட்ஜைப் பிடித்தவர் முடிவில் அதிகம் கொடுத்திருப்பார். எனவே டிக்கெட் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

வெறும் குளியலுக்கும் ஓய்வுக்கும் மட்டும் இடம் வேண்டுமென்றால் ஸ்டேஷனிலேயே இரயில்வே ஓய்வறை இருக்கிறது. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் முன்பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம். அறைகள் சில என்பதால் சீக்கிரம் போய்விடும்.

நம் மும்பை அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. நேத்ராவதி போன்ற கொங்கண் வழி வண்டிகள் ஷொர்ணூரிலிருந்து திருச்சூர்ப் பக்கம் போய்விடும், பாலக்காட்டுக்கு வராது. ஷொர்ணூரில் இறங்கி, சுமார் 45 கிலோமீட்டர் வேறு வண்டியிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தையும் லாட்ஜில் சொல்லும் நேரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். பாலக்காட்டில் ஜங்ஷன் வேறு, டவுன் ஸ்டேஷன் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. பொள்ளாச்சி, கொல்லங்கோடு மார்க்கத்தில் வருகிறவர்களுக்கு டவுன் ஸ்டேஷன்தான் வசதி. 2015 நவம்பரில் அந்தப் பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

தண்ணீர்

அறையைக் காட்டும் பையன் விளக்கைப் போட்டுக் காட்டுவான், டி.வி.யைப் போட்டுக் காட்டுவான். நீங்கள் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 15 லிட்டர் வாளி 2 நிமிடத்தில் நிறைந்தால் நல்ல அறை. 5 நிமிடம் ஆனால், ஐந்து பேருக்கு வாளி நிறைவதற்கே காலையில் 25 நிமிடம் போய்விடும். மேல்தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடியில் தண்ணீரின் வேகம் குறைவாகவே இருக்கும். ஒரு மாடி கீழே கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

அடுத்தது வெந்நீர். 'ஹாட் வாட்டர் உண்டு' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். எப்படி உண்டு, எத்தனை மணிக்கு உண்டு என்று கேளுங்கள். ஒரு ஊரில் நாங்கள் தங்கிய இடத்தில் வெந்நீர் காலை 6 முதல் 8 வரை மட்டும்தான். வண்டி தாமதமாகி 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். 78 வயது மாமியாருக்கு அடுத்த டீக்கடையில் காசு கொடுத்து ஒரு பானை வெந்நீர் வாங்கிக் கொண்டுவந்தேன். சூரிய வெப்பத்தில் காயும் வெந்நீர் என்றால் மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது.

அறையிலேயே கீசர் இருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் என்று இருந்தால், பாலக்காட்டில் 25 டிகிரியில் உள்ள தண்ணீர் 55 டிகிரிக்கு வர ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். அதோடு அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 30 லிட்டர் கிடைக்கும். இரண்டு பேர் சிக்கனமாகக் குளிக்கலாம். ஐந்து பேருக்கு மூன்று முறை காய வேண்டும், அதாவது முக்கால் மணிக்கு மேல். இதே கீசர் மூணாற்றில், மார்கழி மாதத்தில், தண்ணீர் 10 டிகிரியில் வரும்போது 24 நிமிடம் எடுத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரும் சில்லென்று இருப்பதால் பாதியளவுதான் கலக்க முடியும். கிடைப்பது 22 லிட்டர்தான். மலையில் குடும்பமாகத் தங்குகிறவர்கள் பாதிப் பேர் முந்தின இரவே குளித்துவிடுவது புத்திசாலித்தனம்.

படியும் வெயிலும்

கடைத்தெரு லாட்ஜுகளில் தரைத்தளம் முழுக்கக் கடைகள். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றாலே ஏறக்குறைய 18 படி, இரண்டாவது மாடி என்றால் 36. முழங்கால் வலி உள்ளவர் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினால் ஊருக்கு வந்த சந்தோஷமே போய்விடும். லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் அது ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். குளியலறையில் போட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டால் தருவார்கள். வயதானவர்கள் வழுக்கி விழாமல் உட்கார்ந்து குளிக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதை அறைக்குள் இறக்கும். பாலக்காட்டு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் வானிலைத் துறை அங்கே வெப்ப அலை என்றே அறிவித்தது. மாறாக ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டு போகும். மலைத்தொடரில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி அல்லவா! ஜன்னல் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகளில் இரவு முழுக்க அறிவிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அது தாலாட்டு. உங்களுக்கு வேண்டாமென்றால் பின்பக்க அறை கேளுங்கள்.

பணமும் காகிதமும்

பலகையில் எழுதியிருக்கும் வாடகை பொதுவாக இரண்டு பேருக்கு. கூடுதல் படுக்கைக்குத் தனி. வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 1,500 ரூபாய் அறை இரண்டு நாளுக்கு என்றால் வரி 150 ரூபாய்.

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் கூட வந்தால் பாஸ்போர்ட் அசல் அவசியம். அவர்கள் தங்குவதை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய இடங்கள் இதற்குத் தயங்கும். நள்ளிரவில் வாசலில் நின்று வாதாடாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அறை கிடைக்காத நாட்களும் உண்டு. கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேர் ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில் வருகிறது. தேரோடும் கடைசி மூன்று நாட்களில் பாலக்காட்டில் அறை தேடுவது வீண் வேலை. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. டிக்கெட் எடுத்த அன்றே லாட்ஜுக்கும் போன் செய்து முன்பணம் அனுப்பிவிடுங்கள். தேர் நாட்களில் அக்கிரகாரத்துக்குள் வண்டி விடமாட்டார்கள். வயதானவர்கள் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடுக்கிப் பக்கம்

இடுக்கி மாவட்டத்தில் இன்றைக்கு இரயில் கிடையாது. ஒரு காலத்தில் மூணாற்றில் குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன இரயில் ஓடியது. 1924 வெள்ளத்தில் போனது, திரும்ப வரவே இல்லை. இப்போது நமக்குக் கிட்டத்து ஸ்டேஷன் தமிழ்நாட்டு எல்லைக்குள் போடிநாயக்கனூர். 2023 ஜூன் முதல் அங்கே அகலப்பாதையில் வண்டி வருகிறது. போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள், மாலைக்கு மேல் போடியில் இறங்கினால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் இருட்டிய பிறகு மலை ஏறவே வேண்டாம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். அத்தனையும் நம் தோட்டத்து ஜனங்கள். அந்த மலையின் மழையை நம்பக் கூடாது.

மூணாற்றில் ஏ.சி.க்குக் காசு கொடுக்க வேண்டாம். கூடுதல் கம்பளி கேளுங்கள். குமுளியில் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். சித்திரா பௌர்ணமியில் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டம், ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அங்கே அனுமதி. அந்த நாட்களில் குமுளியில் அறை இல்லையென்றால் கீழே கம்பத்தில் தங்கி விடியற்காலையில் ஏறலாம். குறிஞ்சி 2018இல் பூத்தது. 2030இல் மூணாற்றின் நிலைமையை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். அறை என்பது முறி. சாவி தாக்கோல். துண்டு தோர்த்து. தண்ணீர் வெள்ளம். வெந்நீருக்குச் சூடுவெள்ளம் என்று கேட்க வேண்டும். "வெள்ளம் வருந்நில்லா" என்று ரிசப்ஷனில் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள், மோட்டார் போடுவார்கள். சாப்பாட்டுக் கடையில் இளஞ்சிவப்பாக வரும் வெந்நீர் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சியது, தாராளமாகக் குடிக்கலாம். குத்தரிசிச் சோறு பிடிக்காத குழந்தைக்குப் பச்சரி கேளுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின இரவே கணக்கைத் தீர்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை வண்டியென்றால், வாசல் ஷட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எங்கே படுத்திருப்பார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு படுக்கப் போங்கள்.