வாத்தோவின் இறுதிப் பாடம்

ஐரோப்பிய ஓவிய வரலாற்றிலே 'றொக்கோக்கோ' என வழங்கும் நெறி, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரான்சு தேசத்தில் மலர்ந்தது. 1715ஆம் ஆண்டிற் பதினான்காம் லூயி மன்னன் மறைந்தபின், அரண்மனைக் கலையின் பெருமிதம் தளர்ந்து மென்மையும் நளினமும் மேலோங்கின. இந்நெறியின் முன்னோடிகளுள் ஒருவர் அந்துவான் வாத்தோ என்பவர்.

இவர் 1684ஆம் ஆண்டில் வலன்சியேன் நகரிற் கூரை வேய்வோர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிற் பாரிஸ் சென்று, படங்களைப் பார்த்து வரையும் கூடமொன்றிற் சொற்பக் கூலிக்கு உழைத்தார். பின்னர் அக்காலத்தில் லக்சம்பேர்க் அரண்மனையிலிருந்த றூபென்ஸின் ஓவியங்களையே ஆசானாகக் கொண்டு வண்ண நுட்பங்களைப் பயின்றார். 1712இல் அரச கலைக்கழகம் இவரை ஏற்றது. அதன்பொருட்டு இவர் அளிக்கவேண்டிய ஓவியமோ ஐந்தாண்டு கழித்தே வந்தது. அதுவே இன்று லூவர் காட்சிச்சாலையிலுள்ள 'சிதேரா யாத்திரை'. வீனஸ் தேவியின் தீவிலே காதலர் இணையிணையாக நிற்க, ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். அவர்கள் தீவுக்குப் புறப்படுகின்றனரோ, தீவைவிட்டு மீள்கின்றனரோ என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. களிப்பினூடே கழிந்துபோகும் காலத்தின் ஏக்கத்தைக் காட்டுதல் வாத்தோவின் தனிச் சிறப்பாகும்.

இனி நாம் சொல்லப் புகுந்ததைச் சொல்வோம். வாத்தோவிடம் அவர் ஊரவரான பத்தேர் என்னும் இளைஞர் ஓவியம் பயில வந்தார். ஆசிரியரோ பொறுமையற்றவர், மாணவரை அனுப்பிவிட்டார். ஆண்டுகள் கழிந்தன. 1721இல் வாத்தோ நோயுற்று நொஜான் என்னும் ஊரிலே தங்கியிருந்தபோது, பத்தேரை மீண்டும் அழைப்பித்தார். அவர் திறமையைத் தாம் உரியவாறு மதிக்கவில்லை என்றும், அதற்கு அஞ்சியதும் உண்டு என்றும் வருந்தினார். ஏறக்குறைய ஒரு மாதம் அருகிருத்திக் கற்பித்தார். யூலை 18ஆந் திகதி, முப்பத்தாறு வயதில் உயிர்நீத்தார். தாம் அறிந்தவையெல்லாம் அந்தச் சில நாட்களிற் பெற்றவையே எனப் பத்தேர் பின்னர் கூறினாராம். நண்பர் ஜெர்சேன் எழுதிய வரலாற்றால் இவற்றை அறிகின்றோம். 1728இற் கலைக்கழகம் பத்தேரையும் ஏற்றது.

நன்னூலார் ஆசிரியனுக்கு நிலத்தை உவமை கூறியது அதன் பொறையையும் கருதியே. அச்சூத்திரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாமும், பொறையிழந்து 'நீ உருப்படாய்' எனச் சில மாணவரைக் கடிந்ததுண்டு. அவர்களிற் சிலர் இன்று பழைய மாணவராய் இம்மலரைக் கையிலேந்துவர். வாத்தோவுக்குக் கிடைத்தது ஒரு மாதம். எமக்கு இவ்விழா நாள் கிடைத்திருக்கின்றது. அவர்கள் வருவார்களாயின், முதலில் எழுந்து வணங்குவோர் நாமாகவே இருப்போம்.